ஏழாம் அத்தியாயம்: பிக்கப்பை உடற்பலகையில் நேரே பொருத்துதல்

மின்சாரக் கிதாரில் பிக்கப்பை நிறுத்தி வைப்பதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. கிப்ஸன் நிறுவனத்தாரின் லெஸ் பால் வகையில் காண்பதுபோல், குழியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்து அதிலிருந்து பிக்கப்பைத் தொங்கவிடுவது ஒன்று. 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் செய்திருப்பதுபோல், பிக்கார்டு எனப்படும் மேல்தகட்டிலிருந்து தொங்கவிடுவது மற்றொன்று. சட்டமும் தகடும் இடையில் வராமல், திருகைக் கிதாரின் மரத்திலேயே இறக்கி, பிக்கப்பை உடற்பலகையின் மீது நேரே அமர்த்துவது மூன்றாவது. பார்வைக்கு மிகவும் எளிதாகத் தோன்றும் இந்த மூன்றாவது வழியிலேதான் நல்ல பிக்கப்புகள் பல, ஒரே மாலையில், ஒரு திருப்புளியின் கடைசிச் சுற்றில் உயிரிழந்து போகின்றன என்பதால், இதற்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்குவது அவசியமெனக் கருதுகிறேன்.

இம்முறை நவீனமானது என்று நினைப்பவர் பலர். அது சரியன்று. 1946இல் கிப்ஸன் அறிமுகப்படுத்திய பி-90 பிக்கப்பில் ‘சோப்பார்’ என்று பெயர் பெற்ற உருவம், காந்த முனைகளாக நிற்கும் ‘முனைத் திருகு’களுக்கு இடையே இரண்டு நீண்ட திருகுகளைத் தன் வயிற்றினூடே செலுத்தி மரத்தைப் பற்றிக்கொள்ளும் அமைப்புடையது. 1952இன் முதல் லெஸ் பால் கிதார்கள் அதைத்தான் தாங்கி வந்தன. ஃபெண்டர் டெலிகாஸ்டரின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பழைய அமைப்பில் மரத்திலேயே திருகப்பட்டிருப்பதால், அதன் உயரத்தைச் சிறிது மாற்றுவதற்கும் பிக்கார்டைக் கழற்ற வேண்டிய சிரமம் உண்டு. 1958இன் ஜாஸ்மாஸ்டரும் 1960இன் ஜாஸ் பேஸும் இதே வழியைச் சேர்ந்தவை. எனினும், இளைஞர்களின் உள்ளத்தில் இம்முறைக்கு ஒரு மோகத்தை உண்டாக்கியவர் கிதார் கலைஞர் எட்வர்டு வான் ஹேலன் என்பதில் ஐயமில்லை. கிப்ஸன் இஎஸ்-335 கிதாரிலிருந்து எடுத்த, ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை, தாமே சேர்த்தமைத்த கிதாரின் மரத்தில் நேரே திருகி, 1978இல் வெளிவந்த தம் குழுவின் முதல் இசைத்தட்டில் அவர் எழுப்பிய நாதம், எண்ணற்றவர்களைத் திருப்புளி எடுக்கத் தூண்டிவிட்டது.

நாதத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஒலி பிறப்பது, காந்தப் புலத்தினூடே எஃகுத் தந்தி அசைவதால் சுருளில் தோன்றும் மின்னோட்டத்தினால். பிக்கப் எதில் திருகப்பட்டிருக்கிறது என்பது அதற்கு இரண்டாந்தரமான விஷயமே. தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையிலுள்ள தூரம் அரை மில்லிமீட்டர் மாறினால் விளையும் வேறுபாடு, சட்டத்தை நீக்கியதால் மட்டும் விளைவதைக் காட்டிலும் பெரிது. ஆகவே, நேர்ப்பொருத்தத்தை நாதத்துக்காகச் செய்யாமல், அதன் உறுதிக்காகச் செய்யுங்கள்: பிக்கப் ஆடாது, விரல் அதன்மேல் ஊன்றினாலும் அமிழாது, சட்டத்தின் சிறு திருகுகள் தளர்ந்து நடுங்கும் தொல்லை இராது. இவையே போதுமான காரணங்கள்.

இனி, நாம் காப்பாற்ற வேண்டிய பொருளின் ஸ்வரூபத்தை அறிந்துகொள்வோம். பிக்கப்பின் சுருளில் பெரும்பாலும் சுற்றப்படுவது, அமெரிக்க அளவில் 42ஆம் எண் கொண்ட செப்புக் கம்பி. மேற்பூச்சு நீங்கலாக அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.063 மில்லிமீட்டர்தான், தலைமயிரோடு ஒப்பிட்டால் பலருடைய மயிர் இதனினும் தடிமனாக இருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் அக்கம்பி ஏழாயிரத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் இடைப்பட்ட சுற்றுகளாகவும், சேத் லவர் வடிவமைத்து 1957 முதல் கிப்ஸன் கிதார்களில் இடம்பெற்ற ஹம்பக்கரில் ஒவ்வொரு சுருளுக்கும் சுமார் ஐயாயிரம் சுற்றுகளாகவும் ஓடுகிறது. இத்தனை நீளத்தில் ஏதேனும் ஓரிடத்தில் அறுந்தால் போதும், சுருள் முழுவதும் ஊமையாகிவிடும். அறுந்த இடம் உட்புறமாயின், பழைய கம்பி முழுவதையும் களைந்து புதிதாகச் சுற்றுவதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

நேர்ப்பொருத்தத்தில் சேதம் விளைவதற்கு மூலகாரணம் ஒன்றே. திருகின் தலை கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த விசை எங்காவது சென்று மரத்தில் இறங்கியாக வேண்டும். திருகு நிற்கும் அதே இடத்தில், அதன் தலைக்கு நேர் கீழே ஒரு தாங்கி இருந்தால், விசை நேர்கோட்டில் இறங்கிப் பிக்கப்புக்கு யாதொரு துன்பமும் செய்வதில்லை. அவ்வாறின்றி, திருகுகள் இரண்டு கோடிகளிலும் இழுக்க, நடுவயிற்றின் கீழ் மாத்திரம் ஒரு கெட்டியான நுரைப்பஞ்சோ மரத்துண்டோ முட்டுக்கொடுத்து நிற்குமாயின், விசை பிக்கப்பின் உடலினூடே வளைந்து செல்கிறது. அடித்தகடு வில்லாக வளைகிறது. அதன்மேல் நம்பி நிற்கும் சுருளும் காந்தமும் தம் தம் நிலை பிறழ்கின்றன. இந்த ஒரு சூட்சுமத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர், கீழே சொல்லப்போகிறவற்றில் பாதியைத் தாமே ஊகித்துவிடுவார்.

ஹம்பக்கரை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தகடு, பழைய மரபில், நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகத்தாலானது. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த அதற்குக் காந்த ஈர்ப்பு இல்லை என்பதே அதைத் தேர்ந்ததன் காரணம். தகட்டின் இரண்டு கோடிகளிலும் கீழ்நோக்கி மடிந்து, மறுபடி வெளிநோக்கித் திரும்பும் கால்கள் உள்ளன. அக்கால்களில் மரை வெட்டிய துளைகள் இருக்கும். சுருள்கள் இரண்டும் நான்கு சிறிய பித்தளைத் திருகுகளால் தகட்டோடு பிணைக்கப்பட்டு, அவற்றின் அடியில் காந்தக் கட்டை படுத்திருக்கிறது. தகடு வளைந்தால், காந்தத்துக்கும் முனைத் திருகுகளுக்கும் இடையே இருந்த ஸ்பரிசம் விலகி, உறுப்புகள் தளர்ந்து, ஒலிபெருக்கியை உரக்க வைக்கும்போது கீச்சென்று அலறும் நோய் தோன்றும். மேல்மூடி உடைய பிக்கப்பானால், மூடியைத் தகட்டோடு இணைக்கும் ஈயப் பற்று விரிசல் விடுவதும் உண்டு. ஆகவே ஹம்பக்கரில் தாங்கி நிற்க வேண்டிய இடம் கால்களின் அடியே. தகட்டின் நடுவயிறு அன்று.

ஃபெண்டர் மரபைச் சேர்ந்த ஒற்றைச் சுருள் பிக்கப்பின் அமைப்பு இதனினும் மென்மையானது. மேலும் கீழும் இரண்டு ஃபைபர் அட்டைகள். அவற்றின் துளைகளில் இறுக்கமாகச் செருகப்பட்ட ஆறு காந்தத் தண்டுகள். அத்தண்டுகளைச் சுற்றியே, இடையில் பாபின் என்று தனியாக எதுவுமின்றி, கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. இந்தக் காந்தத் தண்டின் தலையில் கட்டை விரலை வைத்து அமுக்கிக் குழிக்குள் இறக்க முயல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. தண்டு ஓர் இழை கீழே நழுவினாலும், அதன் பக்கத்தில் அணைந்து நிற்கும் முதற்சுற்றுக் கம்பி உராய்ந்து அறுந்துபோகும். இவ்வகைப் பிக்கப்பை எப்போதும் அடி அட்டையின் கோடிகளைப் பற்றியே எடுக்கவும் வைக்கவும் வேண்டும். அடி அட்டையின் இரு கோடிகளையும் திருகால் இழுத்து, நடுவில் முட்டுக்கொடுப்பவர், அட்டையைத் தண்டுகளிலிருந்து பெயர்த்தெடுக்கும் வேலையைத் தம்மையறியாமல் செய்கிறார். ஜாஸ் பேஸ் வகையில் திருகு ஏறுவது பிளாஸ்டிக் மூடியின் காதுகளில் என்பதால், சுருளுக்கு வரும் அபாயம் குறைவு. ஆனால் காது முறிவது சகஜம்.

வேலையைத் தொடங்குமுன் மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பின் கம்பிகளைக் கிதாரின் சுற்றிலிருந்து பிரித்துவிட்டு, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மின்தடையை அளந்து ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையானால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரையிலும், பழைய முறை ஹம்பக்கரானால் 7 முதல் 8.5 வரையிலும் பொதுவாக இருக்கும். கால் துளையைச் சீர்செய்தபின் ஒரு முறையும், குழியில் அமர்த்தித் திருகியபின் ஒரு முறையும் மீண்டும் அளக்க வேண்டும். சேதம் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை அறிய இதைத் தவிர வேறு வழி கிடையாது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 0.4 பங்கு ஏறும் ஆதலால், காலைக் குளிரில் 8.0 காட்டிய சுருள், அறை பத்து டிகிரி சூடான மதியத்தில் 8.3 காட்டினால் கலவரப்பட வேண்டாம். மீட்டர் எதையும் காட்டாமல் முடிவிலியில் நின்றாலோ, ஹம்பக்கரில் தடை பாதியாகக் குறைந்து காட்டினாலோதான் கவலைக்கு இடமுண்டு.

காந்தம் எஃகை அழைத்துக்கொண்டே இருக்கும் என்பதை வேலைமேஜையில் ஒரு கணமும் மறக்கலாகாது. திருப்புளியின் முனை, கை சற்றே தளர்ந்த சமயத்தில் தானே தாவிச் சென்று சுருளைக் குத்திவிடுவது, இத்துறையில் மிகச் சாதாரணமாக நேரும் விபத்து. மூடியில்லாத பிக்கப்பாயின், வேலை முடியும்வரை சுருளின் பக்கங்களையும் முகத்தையும் காகித டேப்பால் போர்த்தி வையுங்கள். ஆனால் அந்த டேப் வலுவாக ஒட்டும் ஜாதியாக இருக்கக்கூடாது, சுருளின் வெளிச்சுற்றுக் கம்பியின்மேல் நேரடியாகப் படவும் கூடாது. திருப்புளியின் தண்டை இடக்கை விரல்களால் வளைத்துப் பிடித்துக்கொண்டே திருக வேண்டும். எஃகுப் பஞ்சைப் பிக்கப்புள்ள அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதன் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் எளிதில் விடுவதில்லை.

ஹம்பக்கரின் கால்களில் உள்ள துளை, சட்டத்திலிருந்து தொங்கும் மெல்லிய எந்திரத் திருகுக்காக மரை வெட்டப்பட்டது. நேர்ப்பொருத்தத்துக்கு வேண்டிய மரத்திருகு அதனூடே தடையின்றி நழுவ வேண்டுமாதலால், துளையைத் திருகின் குறுக்களவைவிடச் சற்றே பெரிதாக்குவது அவசியமாகிறது. இங்கேதான் பலர் பிக்கப் முழுவதையும் வைஸில் இறுக்கி, சுருளை நசுக்கி விடுகிறார்கள். காலை மட்டும், அதற்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து, குறடால் பற்றிக்கொண்டு, கூரிய பிட்டால், மெதுவான வேகத்தில் துளையுங்கள். சில்லுகள் உள்ளே விழாதபடி அடித்தகட்டை முன்னதாகவே டேப்பால் மூடியிருக்க வேண்டும். ஃபைபர் அட்டையில் டிரில்லைப் பிரயோகிக்கவே வேண்டாம். சிறிய உருண்டை அரத்தைக் கையால் சுழற்றினாலே போதும், அட்டை பிளவுபடாமல் துளை விரியும். இத்தனை சிரமம் எதற்கு, மரை இருக்கும் துளையிலேயே திருகை வலிந்து ஏற்றிவிடலாமே என்றால், அப்போது திருகு காலையும் மரத்தையும் ஒருங்கே பற்றிக்கொண்டு, உயரத்தை மாற்ற இடங்கொடாமல், ஒவ்வொரு சுற்றிலும் காலை முறுக்கும்.

குழியைப் பற்றிச் சில வார்த்தைகள். பிக்கப் தன் சொந்தக் கனத்தாலேயே குழிக்குள் இறங்க வேண்டும். சுற்றிலும் அரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். இறுகினால் மரத்தைச் செதுக்குங்கள், பிக்கப்பை அமுக்காதீர்கள். செதுக்கும் வேளையில் பிக்கப் வேறு மேஜையில் இருக்கட்டும். நீண்ட கால்களையுடைய ஹம்பக்கருக்குக் கால்கள் இறங்கும் இடத்தில் மட்டும் கூடுதல் ஆழம் தேவைப்படும். முனைத் திருகுகளின் அடிப்பகுதி தகட்டுக்குக் கீழே நீண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும், இல்லையேல் அவை குழியின் தரையில் முட்டி, பிக்கப்பின் முழு அழுத்தத்தையும் தாமே ஏற்கும்.

திருகுக்கு வழித்துளை இடுமுன் கிதாரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். உடற்பலகையின் கனம் பொதுவாக 44 அல்லது 45 மில்லிமீட்டர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் முன்பக்கத்துக் குழி சுமார் 16 மில்லிமீட்டர் ஆழமுடையது. முதுகிலோ டிரெமலோ ஸ்பிரிங்குகளுக்காக ஏறக்குறைய அதே ஆழத்தில் மற்றொரு குழி வெட்டப்பட்டிருக்கிறது. இடையே எஞ்சி நிற்பது பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள மரமே என்பதை உணராமல் துளைப்பவர், முதுகுப்புறத்தில் பிட்டின் முனை எட்டிப் பார்ப்பதைக் காண்பார். பிட்டில் வேண்டிய ஆழத்தில் ஒரு டேப்பைச் சுற்றிக்கொண்டால் இந்த விபரீதம் நேராது. 3 மில்லிமீட்டர் திருகுக்கு, பேஸ்வுட், பாப்லர் போன்ற மென்மையான மரங்களில் 2 மில்லிமீட்டரும், மேப்பிள் போன்ற கடின மரங்களில் 2.4 மில்லிமீட்டரும் வழித்துளைக்குப் பொருத்தமானவை.

காந்தத்தின் அருகே நிற்பதாகையால் பித்தளைத் திருகு சிறந்தது. திருப்பும் வேளையில் காந்தம் அதைப் பக்கவாட்டில் இழுப்பதில்லை. ஆனால் பித்தளை மென்மையானது, கடின மரத்தில் தலை முறியக்கூடியது. தச்சர்கள் பரம்பரையாகக் கையாளும் யுக்தி இங்கே உதவும்: அதே அளவுள்ள ஓர் எஃகுத் திருகை, பிக்கப்பை இன்னும் வைக்காத நிலையில், மெழுகோ சோப்போ தடவி முழுவதும் ஏற்றி இறக்கிவிட்டால், மரத்தில் மரை விழுந்துவிடும், பிறகு பித்தளைத் திருகு இரண்டு விரல்களின் பலத்திலேயே ஏறும். இந்த முன்னேற்பாட்டை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் முறிவைத் தவிர்ப்பது மட்டுமன்று. இறுகிய மரத்தில் திருகை வலிந்து ஏற்றுபவருடைய கைக்கு, மரத்தின் எதிர்ப்பு எது, பிக்கப்பின் எதிர்ப்பு எது என்று பிரித்தறிய முடிவதில்லை. எளிதாக ஓடும் திருகிலோ, பிக்கப்பின் மேல் விழும் முதல் அழுத்தமே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

தாங்கியின் விஷயத்துக்கு வருவோம். என் தேர்வு, ஒவ்வொரு திருகின்மீதும் காலுக்குக் கீழே கோத்த சிலிக்கோன் ரப்பர்க் குழாய். விசை தலையிலிருந்து காலுக்கும், காலிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து மரத்துக்கும் நேரே இறங்குகிறது. உயரத்தையும் விருப்பம்போல் மாற்றலாம். ஸ்பிரிங்கும் இதையே செய்யும். இரண்டே திருகுகளில் நிற்கும் பிக்கப் முன்பின்னாகச் சாயும் இயல்புடையதாதலால், தகட்டின் கீழே, அதன் நீளம் முழுவதற்கும், மிகவும் மிருதுவான நுரைப்பஞ்சை மெல்லியதாக வைக்கலாம். அதன் வேலை சாய்வைத் தடுப்பதே அன்றிச் சுமையைத் தாங்குவதன்று. விரலால் அமுக்கினால் எளிதில் பாதியாகும் பஞ்சு போதுமானது. பழைய ஜாஸ் பேஸ்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு, அடியிலிருந்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் பொடியாகவோ பிசினாகவோ மாறியிருப்பது தெரியும். ஆகவே நியோப்ரீன் போன்ற, உள்ளறைகள் மூடிய ஜாதியைத் தேர்ந்தெடுங்கள்.

பஞ்சே வேண்டாம், மரத்தோடு மரமாக இறுக வேண்டும் என்று விரும்புவோருக்கும் வழி உண்டு. தந்திகளைச் சுருதி கூட்டிய நிலையில், கால்களின் அடியில் அட்டைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டிய உயரம் கிடைத்ததும், அந்த அடுக்கின் கனத்தை அளந்து, அதே கனத்தில் மேப்பிள் துண்டுகள் இரண்டை இழைத்துக் கால்களுக்குக் கீழே ஒட்டிவிடலாம். லெஸ் பால் போலக் கழுத்து பின்னோக்கிச் சாய்ந்த கிதார்களில், தந்திகள் பலகைக்கு இணையாகச் செல்வதில்லையாதலால், துண்டுகளை ஆப்புவடிவாக இழைக்க வேண்டும். சட்டத்தின் சாய்வு அங்கே செய்து வந்த காரியம் இதுவே. வளைந்த முகமுடைய பழைய கிப்ஸன் கிதார்களில் இந்த மாற்றத்தைச் செய்யாமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கம்பிக்குக் குழியில் தனிப்பாதை விடுங்கள். பிக்கப்புக்கும் தரைக்கும் நடுவே அது நசுங்கக்கூடாது. பிக்கப்பைக் கம்பியைப் பிடித்துத் தூக்குவதோ தொங்கவிடுவதோ தகாது. குழியில் இரைச்சலைத் தடுக்கச் செப்புத் தாள் ஒட்டியிருந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப்பின் அடியிலுள்ள பற்றவைப்புக் கண்கள் அதைத் தொட்டு ஒலி முழுவதும் அணைந்துபோகும். அவ்விடத்தில் ஒரு துண்டு மின்காப்பு டேப் ஒட்டுவது கட்டாயம்.

எல்லாம் அமைந்தபின், தந்திகளைச் சுருதி கூட்டி, கடைசி மெட்டில் அமுக்கிக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் முனைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். கிப்ஸன் ஹம்பக்கருக்குப் பிரிட்ஜ் பக்கத்தில் சுமார் 1.6 மில்லிமீட்டரும் கழுத்துப் பக்கத்தில் 2.4 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கம். தண்டுக் காந்தங்களையுடைய ஒற்றைச் சுருள் பிக்கப்பில், பருத்த தந்திகளின் பக்கம் 2.4, மெல்லிய தந்திகளின் பக்கம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதனினும் நெருங்கினால் காந்தத்தின் இழுப்பால் தந்தியின் அசைவு கெட்டு, மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒலிக்கும்.

உயரத்தைத் திருத்தும்போது ஒரு திருகில் கால் சுற்று, மற்றொன்றில் கால் சுற்று என்று மாறிமாறிச் செல்லுங்கள். திருகின் தலை காலைத் தொட்டு, குழாய் சிறிது அமுங்கி, பிக்கப்பை விரலால் அசைத்தால் ஆடாத நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சுற்றும் தேவையில்லை. மீட்டரால் மூன்றாம் முறை அளந்து, முதலில் குறித்த எண்ணோடு ஒப்பிட்டபின் கம்பிகளைப் பற்றவையுங்கள். ரப்பரும் பஞ்சும் முதற்சில வாரங்களில் சற்று இறங்கிக்கொடுக்கும். அடுத்த முறை தந்தி மாற்றும்போது உயரத்தை மறுபடி அளந்து, தளர்ந்திருந்தால் கால் சுற்று சேர்த்துக்கொள்ளலாம்.